இத்தாலிக்காரர் பலகையும் சைவப் பசையும்

குடைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் எங்க தோல் ஷெட்டுக்குள்ள வந்தாரு. அன்னைக்கு மழை கெடையாது. வெயிலும் மேல படாது, தகரக் கூரை இருக்கு. பெறகு எதுக்குக் குடைன்னு கேக்கீங்களா? நாத்தம் மேல விழாம இருக்கதுக்கு!

தாராவித் தோல் நாத்தத்துக்குக் குடை புடிச்ச மனுசன் உலகத்துலயே அவரு ஒருத்தராத்தான் இருக்கணும்.

மேல கோட்டு, கீழ வேட்டி, நெத்தில மூணு பட்டை விபூதி. ஒரு கையில குடை, இன்னொரு கையில கைக்குட்டை, அது மூக்குல. சுண்ணாம்புத் தண்ணி காலுல பட்டுராம கொக்கு மாதிரி தூக்கித் தூக்கி வச்சு வந்தாரு. நான் முழங்கால் வரைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில நின்னுக்கிட்டிருந்தேன்.

"இங்க ஆட்டுத்தோல் கெடைக்குமோ?"

"சாமி, இங்க அது மட்டுந்தான் கெடைக்கும்."

"மயிர் இருக்கப்படாது. மெல்லிசா, வழுவழுன்னு, காகிதம் மாதிரி இருக்கணும். அந்தக் காலத்துல அதுல எழுதுவா."

உலகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம். காயிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. சரி, மாட்டுங்காவுல இருக்க ஐயருமாருங்க தோல்ல எழுத ஆரம்பிச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். கேட்டும்புட்டேன்.

"எழுதறதுக்கில்ல. உருட்டறதுக்காக்கும்."

"எத சாமி?"

"பித்தளை உருண்டையை. முந்நூறு வருஷத்துக்கும் முன்னால இத்தாலில ஒருத்தர் பன்னெண்டு முழத்துல ஒரு பலகை பண்ணினார். நடுவுல விரல் அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, அதுல தோல் ஒட்டி, சாய்ச்சு வெச்சு உருண்டையை உருட்டினார். எவ்வளவு நேரத்துல உருள்றதுன்னு தண்ணியை வெச்சு அளந்தார். அதே மாதிரி ஒண்ணு நான் பண்றேன்."

"இத்தாலிக்காரனா? நம்ம பட்டாளம் அவனுவ கூடத்தான சாமி சண்டை போடுது?"

"அவர் போய்ச் சேர்ந்தே முந்நூறு வருஷம் ஆறது, கேட்டயோ? அவருக்கும் இந்த யுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவருதான் வைத்தி சார். பாலக்காட்டுக்காரர். காலேஜுல சயன்ஸ் சொல்லிக் குடுக்கவரு.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை, அதுவே ஜாஸ்தி

இந்தத் தொடர நடுவுல இருந்து படிக்கவங்களுக்காகச் சொல்லுதேன். எழுதுதது நான் இல்ல. நான் வாயால சொல்லுவேன், எழுதுதது செம்பூர்ல இருக்க என் மருமக. எனக்குப் பள்ளிக்கூடம் ஒரே நாளுதான். வாத்தியார் மணல்ல 'அ' போடச் சொன்னாரு. நான் போட்டேன். பாத்துட்டு, "எருமை எப்படா வந்து படுத்துட்டுப் போச்சு?"ன்னு கேட்டாரு. அடுத்த நாளு நான் போகல. யாரும் தேடவும் இல்ல.

சரி, படிப்புதான் இல்ல, தொழிலாவது உண்டான்னு கேப்பீங்க. ஷெட்டுல எனக்குத் தோல் சொரண்டுத வேலை. எங்க முதலாளி ராவுத்தர் நான் சொரண்டின தோல வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பாரு. "ஏலே இசக்கி, இந்த ஆடு உசுரோட முள்ளுக்காட்டுல மேஞ்சப்பகூட இத்தன கீறல் பட்டிருக்காதுலே"ம்பாரு.

ஒரு விசயத்துல மட்டும் எனக்குக் குறையே இல்ல. ரயில்ல எந்நேரமும் உக்கார எடம் கெடைக்கும். நான் ஏறினதும் பக்கத்துல இருக்கவங்க எல்லாம் எந்திரிச்சுக் கதவுப் பக்கம் போயிருவாங்க. தாதர்ல ஏறினாலும் சரி, குர்லாவுல ஏறினாலும் சரி, எனக்கு முழு பெஞ்சு. லாட் சாய்புக்குக்கூட அந்த மரியாதை இருந்திருக்காது.

வைத்தி சாருக்கு ஒத்தாசையா ஒரு ஆள அனுப்பணும்னதும் முதலாளி சுத்திலும் பாத்தாரு. யாரு போனா வேலை கெடாதுன்னு யோசிச்சாரு. ரொம்ப நேரம் யோசிக்கல.

அவரு குடுத்த வாக்கு

தோல சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு அவரு பின்னால நடந்தேன். வழியிலதான் கதையச் சொன்னாரு.

காலேஜுல ஜோஷி சார்னு ஒருத்தர். மராட்டிக்காரர், இவர விட மூத்தவரு. அவரு ஒருநாளு எல்லா வாத்தியாரும் இருக்கும்போது சொல்லியிருக்காரு: "அந்த இத்தாலிக்காரன் ஒரு உருண்டையும் உருட்டல. நாற்காலியில உக்காந்து கணக்குப் போட்டான், செஞ்சு பாத்தேன்னு எழுதிட்டான். ஒழுகுத தண்ணிய வச்சு நேரத்த அளந்தானாம். சப் கப்ஸா, எல்லாம் புளுகு."

"அப்படி என்னத்த சாமி அவரு கண்டுபுடிச்சாரு?"

"முழுப் பலகையும் உருண்டை ஓடற நேரத்துல ஒரு டம்ளர் தண்ணி புடிக்கறதுன்னு வெச்சுக்கோ. பலகையோட கால் பாகம் மட்டும் ஓடினா எவ்வளவு புடிக்கும்?"

"கால் டம்ளர்."

"அரை டம்ளர்!"

"அது எப்படி? கால் பலகைக்குக் கால் டம்ளர்தான?"

"ஆரம்பத்துல உருண்டை மெள்ளப் போறது. போகப்போக வேகம் எடுக்கறது. அதனால முதல் கால் பாகத்துக்கே பாதி நேரம் போயிடறது. அதுவும் உத்தேசமா இல்ல, சரியாப் பாதி. அதைத்தான் அவர் அளந்து சொன்னார்."

எனக்கு நல்லாப் புரிஞ்சுது. எங்க ஷெட்டுலயும் காலையில வேலை அப்படித்தான் நடக்கும்.

வைத்தி சாருக்கு ஜோஷி சார் சொன்னது பொறுக்கல. அதே பலகையச் செஞ்சு, காலேஜ் திறந்ததும் எல்லார் முன்னாலயும் உருட்டிக் காட்டுதேன்னுட்டாரு. வரலன்னா, அங்கயே நின்னு, இது வெறும் கதை, இத்தன வருசமா நான் கதைதான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிருதேன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

"சொன்னா சொல்லிட்டுப் போறது சாமி. நான்லாம் நெதம் எத்தன பொய் சொல்லுதேன், ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணல."

நடு ரோட்டுல நின்னுட்டாரு. பின்னால வந்த விக்டோரியாக் குதிரை வண்டிக்காரன் வஞ்சுக்கிட்டே வண்டிய ஒடிச்சுத் திருப்பினான். "என் கிட்ட படிச்ச பசங்க இன்னிக்கு எங்கெங்கயோ வாத்யாரா இருக்கா. நான் சொன்னதைத்தான் அவா பிள்ளைகளுக்குச் சொல்றா. பொய்யின்னா எத்தனை பேர் வாயிலேர்ந்து நான் அதைத் திருப்பி வாங்கறது?"

மூக்குல இருந்து கைக்குட்டைய எடுத்துட்டாரு. நாத்தம்கூட அப்ப அவருக்குத் தெரியல. நான் தோல மறு கக்கத்துக்கு மாத்திக்கிட்டு அவரு பின்னால நடந்தேன்.

வாசப்படியில நின்ன ஆடு

மாட்டுங்காவுல ரெண்டாவது மாடி. ஜன்னல் கண்ணாடி பூராவும் கருப்புக் காயிதம், பிளாக்-அவுட்டுக்காக, ராத்திரி பிளேனுக்கு வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு. கதவத் திறந்தது அவரு வீட்டு அம்மா. விசாலம் மாமின்னு அந்த பில்டிங் பூராவும் கூப்புடும்.

"கையில என்னது?"

"தோலு அம்மா."

"யாரோட தோல்?"

"ஆட்டோடது. பேரு கேக்கல."

"இது ஆத்துக்குள்ள வராது."

வைத்தி சார் நடுவுல பூந்தாரு. "விசாலம், இது சயன்ஸாக்கும்."

"சயன்ஸ் வரட்டும். தோல் வராது."

மாமிக்குப் பின்னால சுவத்துல ஒரு மிருதங்கம் உறை போட்டுத் தொங்குச்சு. அவங்க மகன் படிச்சுக்கிட்டிருந்தானாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அம்மா, உள்ள ஒண்ணு தொங்குதே, அதுல ரெண்டு பக்கமும் இருக்கது என்ன வாழைப்பட்டையா?"

வைத்தி சார் கண்ண மூடிக்கிட்டாரு. இன்னைக்கு நம்ம தோலும் உரியப் போகுதுன்னு நானும் ரெடியாயிட்டேன். மாமி கோவிக்கவே இல்ல.

"அது தோலா இருந்தப்போ இந்த ஆத்துக்கு வரல்ல. வாத்யமா ஆனப்பறம்தான் வந்தது. இதையும் ஒரு வாத்யமாப் பண்ணிட்டுக் கொண்டு வா, ஆரத்தி எடுக்கறேன்."

ஹைகோர்ட்டுத் தீர்ப்புதான். ஆக, எல்லா வேலையும் மொட்டை மாடியில.

பலகைய ஒரு தச்சர் தேக்குல செஞ்சு குடுத்தாரு. பன்னெண்டு முழம் யாரு முழம்னு முதல்ல ஒரு வாக்குவாதம். என் முழம் குட்டை. சார் முழம் நெட்டை. மாட்டுங்கா மார்க்கெட்டு பூக்காரிட்ட ஒரு முழம் இருக்கு, அது இத்தாலியில செல்லாது. கடைசியில சார் முழமே ஜெயிச்சுது. பலகை படியில திரும்பல. வெளிய கயிறு கட்டித்தான் தூக்கினோம். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு மாமி எட்டிப் பாத்து, "வைத்தி ஆத்துல என்ன, தேர் பண்றாளா?"ன்னு கேட்டாங்க.

தோல் ஒட்டணும். தச்சர் வச்சிரப்பசை கொண்டாறேன்னாரு. மாமி படியில நின்னுக்கிட்டு, "அது எதுல பண்றது?"ன்னாங்க. வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும். "தோலு, எலும்பு, குளம்பு எல்லாத்தையும் போட்டுக் காச்சுதது அம்மா."

"அது இந்த பில்டிங்லேயே காயப்படாது."

அன்னைக்கு மாமி அரிசி மாவுல கூழ் கிண்டிக் குடுத்தாங்க, ரேஷன் அரிசி. வைத்தி சார் என்னப் பாத்தாரு. நான் பெரிய நிபுணன் மாதிரி, "பசைன்னா பசைதான் சார், ஒட்டினாச் சரி"ன்னேன். எனக்குச் சொரண்டத்தான் தெரியும், அதுவும் அரைகொறை. ஒட்டுததப் பத்தி என்ன கண்டேன்? கூழ ஒரு விரல் நக்கிப் பாத்தேன். உப்பு மட்டுந்தான் கொறச்சல்.

"நல்ல தேக்கு மேல எதுக்கு சார் ஆட்ட ஒட்டுதோம்?"னு ஒட்டும்போது கேட்டேன்.

"அவர் ஒட்டினார், நாமும் ஒட்டறோம். எவ்வளவு வழவழப்பா முடியுமோ அவ்வளவு வழவழப்பான்னு எழுதியிருக்கார். காப்பின்னா காப்பி, கேள்வி கேக்கப்படாது."

விரலுக்குப் பள்ளிக்கூடம்

கோடைக்காலம். சாயங்காலம் ஷெட்ட விட்டு நேரா மாட்டுங்கா. மாமியோட பழைய பித்தளைக் குடத்துக்கு அடியில சன்னமா ஒரு குழாய் வச்சு, மாடிச் சுவர் மேல ஏத்தியாச்சு. குழாய் வாய அடைக்கது என் விரல். சார் மேல இருந்து உருண்டைய விடுவாரு, நான் விரல எடுக்கணும். உருண்டை கீழ கட்டையில டக்குன்னு முட்டும், நான் அடைக்கணும். அதுக்குள்ள டம்ளர்ல விழுந்த தண்ணிய நகைக்கடைத் தராசுல சார் நிறுப்பாரு. அம்புட்டுதான்.

அம்புட்டும் எனக்கு வரல. உருண்டை பளபளன்னு ஓடும், நான் வாயப் பொளந்து வேடிக்கை பாப்பேன், டம்ளர் நெறஞ்சு வழியும். ஒருதடவ உள்ள தண்ணி அடுத்த தடவ இருக்காது. சார் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

"இசக்கி, நீ அதைப் பாக்காதே. கண்ணை மூடிக்கோ. சத்தத்தை மட்டும் கேளு."

கண்ண மூடினேன். டக்குன்னு கேட்டதும் விரல் தானாப் போய் ஒட்டிக்கிச்சு. மறுபடியும் மூடினேன். அதே தண்ணி. மறுபடியும். ஒரு குண்டுமணி எடை கூடல, கொறையல. ஒரு நாளு பள்ளிக்கூடம் போன எனக்கு, என் விரல் மட்டும் பாஸாயிருச்சு.

சார் தராசுத் தட்ட கையில வச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டாரு. "கண்ணை மூடணும்னு அவர் எங்கயும் எழுதல. இத்தனை நாள் புஸ்தகத்துல படிச்சேன், ஒருத்தரும் சொல்லல. பண்ணினாத்தான் தெரியறது."

பெறகு கட்டைய மேல நகத்தி வச்சு, கால் பலகைக்கு உருட்டினோம். சரியாப் பாதித் தண்ணி. சார் குதிச்சாரு. கோட்டோட குதிச்சாரு. கீழ இருந்து மாமி, "மாடில யாரு, ஆடு உசுரோட வந்துடுத்தா?"ன்னு சத்தம் போட்டாங்க.

ஷெட்டுல போய்ப் பெருமையாச் சொன்னேன். "உருண்டை பள்ளத்துல உருளும்னு கண்டுபுடிக்கதுக்கா வே அவரு காலேஜு படிச்சாரு?"ன்னாங்க.

மழை வந்துருச்சு

பம்பாய் மழை தெரியும்லா? சொவரு வேர்க்கும், உப்பு ஓடும், தீப்பெட்டி பத்தாது. பலகையக் கயிறு கட்டியே கீழ எறக்கி, மாடிப்படிக்கு அடியில வச்சு, தார்ப்பாய் மூடி, காலேஜ் திறந்ததும் கைவண்டியில ஏத்திக் கொண்டுபோனோம். காட்டுத நாளைக்கு நான் எரவல் சட்டை போட்டு, மேல அத்தர் தடவிக்கிட்டேன். தோல் நாத்தத்தோட அது சேந்து, ஆட்டுக்குக் கல்யாணம் மாதிரி ஆயிருச்சு.

ஹால் பூராவும் வாத்தியாருங்க, பசங்க. முன் வரிசையில ஜோஷி சார். கருப்புத் தொப்பி, கோட்டு. என்னப் பாத்து, "யே கோன்?"னு, யாரு இவன்னு கேட்டாரு. "மை அசிஸ்டென்ட்"னாரு வைத்தி சார். எனக்கு அர்த்தம் தெரியல, ஆனா முதுகு நிமிந்துருச்சு.

கண்ண மூடினேன். உருண்டை கிளம்புத சத்தம். பெறகு நடுவுல லொடக்குன்னு ஒண்ணு. பெறகு உருளுது. பெறகு டக்கு. சார் தண்ணிய எடை போட்டாரு. மறுபடியும் உருட்டினாரு. லொடக்கு. வேற தண்ணி. இன்னொரு தடவ டக்கே கேக்கல. நான் விரல எடுத்தபடி காத்துக்கிட்டே இருக்கேன், டம்ளர் வழிஞ்சு கால் நனையுது. கண்ணத் திறந்தேன். உருண்டை நடுப் பலகையில பஸ்ஸுக்கு நிக்க மாதிரி நிக்குது.

பசங்க சிரிச்சாங்க. கொல்லுன்னு சிரிப்பு. பழக்க தோசத்துல நானும் சிரிச்சேன். வைத்தி சார் முகத்தப் பாத்ததும் நிறுத்திட்டேன்.

கால் பலகைக்கும் உருட்டிப் பாத்தாரு. பாதியும் வரல, காலும் வரல, ஒரு கணக்குலயும் வரல. தராசத் தட்டோட கீழ வச்சாரு. கைய வேட்டியில தொடச்சாரு. எல்லாரையும் பாத்து நின்னுக்கிட்டு இங்கிலீசுல ஆரம்பிச்சாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா குடுத்த வாக்கத்தான் காப்பாத்துதாருன்னு தெரிஞ்சுது.

"ருக்கோ, நில்லுங்க."

ஜோஷி சார் எந்திரிச்சு வந்தாரு. தொப்பியக் கழத்திப் பெஞ்சுல வச்சாரு. பலகை முனையில கன்னத்த ஒட்டி, ஒத்தக் கண்ணால நீளத்துக்கும் பாத்தாரு. பெறகு வாய்க்கால்ல விரல விட்டுத் தடவிக்கிட்டே நடந்தாரு. நடுவுல நின்னாரு. அழுத்தினாரு. தோல் பொசுக்குன்னு அமுங்கி, அப்பளம் மாதிரி திரும்பப் பொடச்சுக்கிச்சு.

"எதுல ஒட்டினீங்க?"ன்னு ஹிந்தியில கேட்டாரு.

"அரிசிக் கூழ்ல"ன்னாரு வைத்தி சார்.

"சாவல்? இந்த மழையிலயா?"

இப்ப நல்லாச் சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. அந்தப் பொடப்பத் தடவிக்கிட்டே நின்னாரு, நோவு வந்த எடத்தத் தடவுத மாதிரி. பெறகு மெதுவாப் பேசினாரு. எங்க பம்பாய் ஹிந்திதான், எனக்கே புரிஞ்சுது.

"வைத்யநாதன், தோல எவ்வளவு வழவழப்பா முடியுமோ அவ்வளவு வழவழப்பா ஒட்டினேன்னு அவன் எழுதியிருக்கான். நானும் படிச்சிருக்கேன். வளவளன்னு எழுதுதான்னு தள்ளிட்டுப் போயிட்டேன். நாற்காலியில உக்காந்து கதை விடுதவனுக்குத் தோலப் பத்தி என்ன கவலை? கதையில உருண்டை எப்பவும் ஒழுங்காத்தான் உருளும். அவனுக்கும் எங்கயோ ஒரு எடத்துல உருண்டை இப்படித்தான் நின்னிருக்கு. வயிறு எரிஞ்சிருக்கு. அதான் எழுதியிருக்கான்."

ஒரு பையன் பின்னால இருந்து, "அப்ப அவர் நெஜமாவே செஞ்சாரா சார்?"ன்னான்.

"உருட்டியிருக்கான். அது இப்ப தெரிஞ்சுபோச்சு. கணக்கு வந்துச்சாங்கது இன்னும் தெரியல." வைத்தி சார் பக்கம் திரும்பினாரு. "நீங்க சொல்ல வந்தத இப்ப சொல்லாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை ஒழுங்கா ஒட்டிக் கொண்டாங்க."

பால்கனியில ஒரு கரி அடுப்பு

பலகையோட வீட்டுக்கு வந்ததும் சார் கோட்டக்கூடக் கழத்தல. கதவுக்கு வெளிய நின்னு நான்தான் நடந்ததச் சொன்னேன், என் கால் நனஞ்சது முதக்கொண்டு. மாமி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க கூழ்தான் கவுத்திருச்சுன்னு நான் சொல்லல. அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு.

"அந்தப் பசைக்குத் தச்சர் என்ன பேர் சொன்னார்?"

"வச்சிரம்."

"எத்தனை நாழி காயணும்?"

"எனக்குத் தெரியாது அம்மா. தச்சரத்தான் கேக்கணும்."

"அப்போ இங்க நின்னுண்டு என்ன பண்றே?"

மறுநாளு பால்கனியில கரி அடுப்பு. தூக்கிப் போடப்போற ஒரு சட்டி. மாமி முந்தானைய மூக்கச் சுத்திக் கட்டிக்கிட்டு, நீளக் குச்சியால கிண்டுதாங்க. எங்க ஷெட்டு நாத்தம் அப்படியே மாட்டுங்காவுக்குக் குடிவந்துருச்சு. எனக்கு வீட்டுல இருக்க மாதிரி இருந்துச்சு.

"விசாலம், நான் கிண்டறேன், நீ உள்ள போ"ன்னாரு சார்.

"நீங்க கிண்டினா அடிபிடிக்கும். தள்ளுங்கோ."

மேல் மாடி மாமி எட்டிப் பாத்தாங்க. "என்னடி அது வாசனை? வயத்தைப் பெரட்டறது!"

"இத்தாலிக்காரர் ஆத்துப் பலகாரம்"னாங்க மாமி, நிமிந்துகூடப் பாக்காம. "உனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பட்டுமா?"

அன்னைக்கு மாமி தலைக்குக் குளிச்சு முடிக்க ஒரு பக்கெட்டுத் தண்ணி பத்தல.

ஞாயித்துக்கெழமை

நல்ல மழை. பசங்க கொஞ்சம் பேருதான் வந்தாங்க. நான் குடத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்தேன். ஜோஷி சார் என் தோளத் தட்டி எந்திரின்னாரு. "உங்க ஆளு விரல்ல எனக்கு நம்பிக்கை இல்ல, என் விரல வச்சுப் பாக்கணும்"னு வைத்தி சாருகிட்டச் சொல்லிட்டாரு. நாயமான பேச்சு. நானே என் விரல நம்ப மாட்டேன்.

அவரு உக்காந்தாரு. உருண்டை ஓடுச்சு. பெரிய படிப்பு படிச்ச மனுசன், அவரும் வாயப் பொளந்து அதையே பாத்தாரு. தண்ணி அவரு பூட்ஸ்ல ஊத்துச்சு. எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. வைத்தி சார் கிட்டப் போய்க் காதுல என்னவோ சொன்னாரு. அடுத்த தடவ ஜோஷி சார் கண்ண மூடிக்கிட்டாரு.

தோல் ஒட்டின எடம் தெரியல. லொடக்கும் இல்ல. முழுப் பலகை. பெறகு கால் பலகை. தண்ணிய எடை போட்டதும் ஜோஷி சாரேதான். தராசு முள்ளு நிக்க வரைக்கும் குனிஞ்சு அதையே பாத்தாரு. பாதி. திருப்பி எடை போட்டாரு. பாதி. தண்ணியக் குடத்துலயே திரும்ப ஊத்தினாரு. திரும்பப் போய் உக்காந்துட்டாரு. முக்கால் பலகைக்கு என்ன வருதுன்னு பாக்கணும்னாரு. பெறகு சாய்ப்பக் கொஞ்சம் கூட்டணும்னாரு. பெறகு கொறைக்கணும்னாரு.

பசங்க போயிட்டாங்க. பியூன் சாவிக் கொத்த ஆட்டிக்கிட்டு வாசல்ல நிக்கான். வைத்தி சார் எல்லார் முன்னாலயும் நின்னு என்னமாவது பேசுவாரு, நானும் கூட நின்னு பெருமையடிச்சுக்கலாம்னு எரவல் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். அவரு எங்க பேச? கீழ வந்த உருண்டைய எடுத்து வேட்டியில தொடச்சு, மேல கொண்டுபோய் வைக்கவே அவருக்கு நேரம் சரியா இருந்துச்சு.

ஜோஷி சார் விரலக் குழாயில வச்சாரு. கண்ண மூடினாரு. "சோடோ, விடுங்க"ன்னாரு.

வைத்தி சார் உருண்டைய விட்டாரு.